வாங்கும் விலையும் வளர்க்கும் விலையும்

மாடு பிடிக்கச் சந்தைக்குப் போகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள், சுழி பார்ப்பார்கள், நடக்க விட்டுப் பார்ப்பார்கள். கடைசியில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, விரலைப் பிடித்து விலை பேசி முடிப்பார்கள். வெற்றி வீரரைப் போல் மாட்டை ஓட்டிக்கொண்டு வாசலுக்கு வந்ததும், உள்ளேயிருந்து வரும் அம்மாள் ஒரே ஒரு கேள்விதான் கேட்பாள்: "இது நாளைக்கு எத்தனை வைக்கோல் தின்னும்?"

சந்தையில் அத்தனை பேரும் கேட்க மறந்த கேள்வி அது.

ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு விலை உண்டு, நேயர்களே! வாங்கும் விலை ஒன்று. வளர்க்கும் விலை ஒன்று. முதல் விலையை விற்கிறவர் வாய் நிறையச் சொல்லிவிடுகிறார். இரண்டாவது விலையை யாரும் சொல்வதில்லை. நாமாகத்தான் விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்த இரண்டாவது விலையைப் பற்றிப் பேசுவதற்கு மோட்டார் காரைவிட நல்ல உதாரணம் கிடையாது. அதிலும் ஸ்போர்ட்ஸ் கார். அதிலும் ஒருவர் ஓட்டிப் பழகி விற்கும் பழைய ஸ்போர்ட்ஸ் கார். "இரண்டே பேர் உட்காரக்கூடிய காரைப் பற்றிக் குடும்பப் பத்திரிகையில் எதற்கு?" என்று சிலர் முகத்தைச் சுளிக்கலாம். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். கார் கிடக்கட்டும், கணக்கு நமக்கு உபயோகப்படும்.

இரண்டு ஜாதகங்கள்

அமெரிக்காவில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் தேடுகிறவர்கள் அநேகமாக இரண்டு பெயர்களுக்கு நடுவில் வந்து நின்று விழிப்பார்கள். ஒன்று ஜப்பானியக் கார், மாஸ்டா மியாட்டா. மற்றொன்று ஜெர்மன் கார், போர்ஷே பாக்ஸ்டர். இரண்டுக்கும் இரண்டே ஆசனம். இரண்டுக்கும் மடக்கக்கூடிய துணிக் கூரை. 1999, 2000 ஆகிய ஆண்டுகளில் செய்த கார்களை எடுத்துக்கொண்டால், சுமாரான நிலையில் இரண்டும் ஏறக்குறைய 10,000 டாலருக்கே கிடைக்கின்றன. "ஒரே விலை! அப்படியானால் பெரிய இடத்துப் பெண்ணையே எடுத்துவிட வேண்டியதுதானே?" என்று மனம் துள்ளுகிறது. அங்கேதான் விஷயம் இருக்கிறது.

முதலில் மியாட்டாவின் ஜாதகம். இந்தக் காரின் யோசனையை மாஸ்டா கம்பெனிக்குச் சொன்னவர் பாப் ஹால் என்ற அமெரிக்கப் பத்திரிகைக்காரர். அந்தக் காலத்து ஆங்கிலக் கார்களைப் போல் இலேசான, மலிவான, திறந்த கார் ஒன்றை யாராவது செய்ய மாட்டார்களா என்று 1979ல் அவர் மாஸ்டாவின் பெரிய இன்ஜினீயர் கெனிச்சி யாமமோட்டோவிடம் சொன்னார். பத்திரிகைக்காரர் சொன்ன யோசனையை ஒரு கம்பெனி கேட்டு, அதனால் லாபமும் அடைந்தது என்பது உலகத்தில் அடிக்கடி நடக்கிற காரியம் அல்ல. ஆகையால் இதை இங்கே குறிப்பிடுவதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம். 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் கார் வெளிவந்தது. விலை 13,800 டாலர். குதிரையும் அதன்மேல் இருப்பவனும் ஓருடலாக இருப்பதுபோல் காரும் ஓட்டுகிறவரும் இருக்க வேண்டும் என்பதுதான் அதைச் செய்தவர்களின் லட்சியம். ஹிரோஷிமா நகரத்துத் தொழிற்சாலையில் செய்யப்பட்ட இந்தக் கார்களின் எண்ணிக்கை 2016ல் பத்து லட்சத்தைத் தொட்டது. இரண்டு ஆசனத் திறந்த ஸ்போர்ட்ஸ் கார்களில் இத்தனை விற்றது வேறொன்றும் இல்லை. இந்தப் பத்து லட்சத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

பாக்ஸ்டரின் ஜாதகம் வேறு மாதிரி. 1990க்குப் பிறகு போர்ஷே கம்பெனிக்குக் கஷ்ட காலம். விற்பனை விழுந்து, கம்பெனியே கைமாறிப் போகுமோ என்று பேச்சு. டொயோட்டாவில் அனுபவம் பெற்ற ஜப்பானிய நிபுணர்களை வரவழைத்து, தொழிற்சாலையில் எங்கே வீண் ஆகிறது என்று பார்க்கச் சொன்னார்கள். 1993ல் டெட்ராய்ட் கண்காட்சியில் மாதிரியாக வைத்த பாக்ஸ்டர் 1996ல் விற்பனைக்கு வந்தது. சிக்கனத்துக்காக அதன் முன்பாகத்தில் பலவற்றை, போர்ஷேயின் விலை உயர்ந்த 911 காருக்கும் பொதுவாகவே செய்தார்கள். முகத்து விளக்குகள்கூட ஒன்றேதான். பொரித்த முட்டை மாதிரி இருக்கிறது என்று அந்த விளக்கை ஊரெல்லாம் கேலி செய்தது, ஆனால் கார் விற்றது, கம்பெனி பிழைத்தது. அமெரிக்காவில் ஆரம்ப விலை ஏறக்குறைய 40,000 டாலர்.

ஆக, பெரிய கம்பெனியே வரவு செலவை உட்கார்ந்து பார்த்த பிறகுதான் இந்தக் கார் பிறந்தது. வாங்குகிறவர்கள் மட்டும் பார்க்க வேண்டாமா?

விலை இறங்கும், விலாசம் இறங்காது

1999ல் புதிதாக வாங்கியபோது மியாட்டாவின் விலை சுமார் 20,000 டாலர். பாக்ஸ்டர் அதைப்போல் இரண்டு மடங்கு. இன்று இரண்டும் ஒரே விலைக்கு வந்து நிற்கின்றன. ஏன்?

சந்தைக்கு ஒரு விஷயம் தெரியும். வாங்க வருகிறவருக்குத் தெரிவதில்லை. கார் பழசாகும்போது காரின் விலைதான் இறங்குகிறது. அதன் உதிரிப் பாகங்களின் விலை இறங்குவதில்லை. 40,000 டாலர் காருக்கு என்று செய்த பம்பு, 10,000 டாலர் காருக்குள் உட்கார்ந்திருக்கிறதே என்று தன் விலையைக் குறைத்துக்கொள்ளாது. ரிப்பேர் செய்கிறவரின் கூலியும் அப்படியே. ஜமீன்தார் வீட்டுச் சாரட்டை ஏலத்தில் மலிவாக எடுத்துவிடலாம். அதை இழுக்கும் குதிரைகள் மலிவாகத் தின்னுமா?

மியாட்டாவுக்கோ பத்து லட்சம் உடன்பிறப்புகள். அதனால் உதிரிப் பாகங்கள் ஏராளம். புதிதும் கிடைக்கும், பழசும் கிடைக்கும். மேல்மூடியைத் தூக்கினால் எஞ்சின் கண்ணெதிரே நிற்கும். கொஞ்சம் கை வேலை தெரிந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு வாசலிலேயே பாதி வேலையை முடித்துவிடலாம்.

பாக்ஸ்டரின் எஞ்சின் கோஷாவில் இருக்கிறது. ஆசனங்களுக்குப் பின்னால், காரின் நடுவயிற்றில் மறைந்திருக்கும் அதைச் சொந்தக்காரர் சாதாரணமாகப் பார்க்கவே முடியாது. பின்பக்கத்துச் சாமான் பெட்டியைத் திறந்தால் எண்ணெய் ஊற்ற ஒரு மூடி, எஞ்சினைக் குளிர வைக்கும் நீர் ஊற்ற ஒரு மூடி, தரிசனம் அவ்வளவுதான். உள்ளே போக வேண்டுமானால் கூரையைப் பாதி மடித்து நிறுத்தி, கம்பளத்தை எடுத்து, தகட்டைக் கழற்ற வேண்டும். இல்லாவிட்டால் காரை உயரத் தூக்கி அடியிலிருந்து போக வேண்டும். மெக்கானிக்கின் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கூலி உண்டு என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

தினப்படிச் செலவுகளையும் பாருங்கள். எண்ணெய் மாற்றினால் மியாட்டாவுக்கு 4 லிட்டர் போதும். பாக்ஸ்டருக்கு 8½ லிட்டருக்கு மேல் வேண்டும். மியாட்டாவின் நாலு டயரும் ஒரே அளவு. முன்னதைப் பின்னுக்கும் பின்னதை முன்னுக்கும் மாற்றிப் போட்டுச் சமமாகத் தேய விடலாம். பாக்ஸ்டருக்கு முன் டயர் ஒரு அளவு, பின் டயர் ஒரு அளவு. மாற்றிப் போட வழியில்லை. பாக்ஸ்டர் உயர்தரப் பெட்ரோலைத்தான் குடிக்கும். இவையெல்லாம் சில்லறைச் செலவுகள். சில்லறை சேர்ந்தால் நோட்டாகும் என்பது வீட்டுக் கணக்கு எழுதுகிறவர்களுக்குத் தெரியாததா?

தையல் மெஷின் சொல்லும் பாடம்

சில்லறை போகட்டும், இடி மாதிரி விழக்கூடிய செலவு ஒன்று உண்டு. அதைப் புரிந்துகொள்ள மோட்டார் சாஸ்திரம் படிக்க வேண்டாம். வீட்டில் தையல் மெஷின் இருந்தால் போதும்.

தையல் மெஷினில் மேலே ஊசி இறங்குகிறது. கீழே ஷட்டில் சுற்றுகிறது. ஊசி இறங்கும் நேரமும் ஷட்டில் வரும் நேரமும் ஒன்றுக்கொன்று ஒழுங்காக இருக்கிறவரையில் தையல் ஓடும். அந்த நேரம் தவறினால்? ஊசி போய் ஷட்டிலில் இடித்து 'டக்' என்று உடையும். கார் எஞ்சினிலும் இதே கதைதான். மேலும் கீழும் போய் வரும் பிஸ்டன் ஒரு பக்கம். திறந்து மூடும் வால்வு ஒரு பக்கம். இரண்டுக்கும் நேரம் தவறாமல் பார்த்துக்கொள்வதற்குச் சங்கிலியோ பட்டையோ இருக்கிறது.

பாக்ஸ்டரில் இந்தச் சங்கிலிகளை ஓட்டுவதற்கு எஞ்சினுக்குள் ஓர் இடைத்தண்டு சுழல்கிறது. அந்தத் தண்டின் ஒரு முனையைத் தாங்குவது ஒரு சிறு குண்டு பேரிங். அதற்கு வேண்டிய கிரீஸை உள்ளேயே வைத்து மூடி விட்டிருக்கிறார்கள். நாளடைவில் மூடி தளர்ந்து, எஞ்சின் எண்ணெய் உள்ளே கசிந்து கிரீஸைக் கரைத்துவிடும். ஆனால் நல்ல எண்ணெய் அங்கே தாராளமாகப் போய் வருவதற்கும் வழியில்லை. பழைய கிரீஸும் இல்லை, புதிய எண்ணெயும் இல்லை என்றால் குண்டுகள் தேயும். தேய்ந்து நொறுங்கினால் தண்டு ஆடும்; சங்கிலியின் நேரம் தவறும்; ஊசி ஷட்டிலில் இடித்த கதையாகும். உடைவது ஊசியல்ல, எஞ்சின். மாற்று எஞ்சின் போடும் செலவு காரின் விலையையே விழுங்கிவிடும்.

உடனே பயந்துவிட வேண்டாம். எல்லாக் கார்களுக்கும் இந்தக் கதி வருவதில்லை. 1997 முதல் 1999 வரை வந்த கார்களில் பெரும்பாலும் இரட்டை வரிசைக் குண்டுகள் கொண்ட பேரிங், அது பரவாயில்லை. 2000ஐ ஒட்டி மெல்ல மெல்ல ஒற்றை வரிசை பேரிங்குக்கு மாற்றினார்கள். தொல்லை பெரும்பாலும் அதில்தான். 2001 முதல் 2005 வரையிலான மாடல்களின் சொந்தக்காரர்கள் அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தார்கள். 2013ல் அது சமரசத்தில் முடிந்தது. ஒற்றை வரிசை பேரிங்குகள் நூற்றுக்கு 8 முதல் 10 வரை பழுதாயின என்றும், இரட்டை வரிசையில் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை என்றும் அந்த வழக்கையொட்டிச் சொல்லப்பட்டது.

நூறு பேரில் தொண்ணூறு பேர் நிம்மதியாகப் போகிறார்கள். ஆனால் மிச்சமிருக்கும் பத்துப் பேரில் ஒருவர் நாமாக இருந்தால், தொண்ணூறு பேரின் நிம்மதியால் நமக்கு என்ன லாபம்?

முன்னாலேயே பேரிங்கை மாற்றிவிடலாம். அதற்குக் கியர் பெட்டியைக் கழற்ற வேண்டும். கிளட்ச் மாற்றும்போது எப்படியும் அதைக் கழற்றத்தான் போகிறார்கள். ஆகவே இரண்டையும் ஒன்றாகச் செய்துவிடுவது புத்திசாலித்தனம். அமெரிக்காவில் தனி மெக்கானிக்கிடம் இதற்கு 3,000 டாலர் சுமாருக்கு ஆகலாம்.

இன்னொரு விசித்திரம். ஓட்டாமல் ஷெட்டிலேயே பூட்டி வைத்த கார்தான் நல்ல கார் என்று நாம் நினைப்போம். பாக்ஸ்டரை நன்கு அறிந்த மெக்கானிக்குகள் பலர் அப்படி நினைப்பதில்லை. அடிக்கடி ஓட்டி, அடிக்கடி எண்ணெய் மாற்றிய காரையே அவர்கள் விரும்புகிறார்கள். இறைத்த கிணறு ஊறும், இறைக்காத கிணறு நாறும் என்று நம் பாட்டிமார் சொன்னது ஜெர்மன் காருக்கும் பொருந்துகிறது!

இனி மியாட்டா. அதில் சங்கிலிக்குப் பதில் ரப்பர் பட்டை. சுமார் 1 லட்சம் கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்டு, பட்டை ஒரு நாள் அறுந்தே போனால்? 2000 வரையில் வந்த எஞ்சின்களில் பிஸ்டனும் வால்வும் ஒன்றையொன்று தொடாதபடி இடம் விட்டிருக்கிறார்கள். ஊசியும் ஷட்டிலும் எந்த நிலையிலும் சந்திப்பதில்லை. கார் நடுத் தெருவில் நிற்கும். இழுத்துக்கொண்டு போய்ப் புதிய பட்டை போட்டால் மறுபடி ஓடும். அவமானம் உண்டு, அனர்த்தம் இல்லை.

இரண்டு கார்களுக்கும் உள்ள வித்தியாசத்தை இந்த ஒரு விஷயத்திலேயே பார்த்துவிடலாம். இரண்டும் கெட்டுப் போகக்கூடியவைதாம். கெட்டுப் போகிற அன்றைக்கு வரும் பில்தான் வேறு.

தூம்பு அடைத்தால் துக்கம்

மியாட்டா குற்றமே இல்லாத கார் என்று எண்ணிவிடாதீர்கள். அதன் பரம சத்துரு துரு. பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் ஊர்களில் ஓடிய காராயிருந்தால், கதவுக்குக் கீழே ஓடும் இரும்புப் பட்டையின் பின்முனையைக் குனிந்து பார்க்க வேண்டும். மேலே பெயிண்ட் பளபளவென்றிருக்கும். உள்ளே அரித்துப் போயிருக்கும்.

இந்தத் துருவுக்கு உப்பு மட்டும் காரணம் அல்ல. துணிக் கூரையின் மேல் விழும் மழை வழிந்தோடுவதற்கு ஆசனங்களுக்குப் பின்னால் இரண்டு சிறு தூம்புகள் வைத்திருக்கிறார்கள். இலையும் தூசியும் சேர்ந்து அவை அடைத்துக்கொண்டால் தண்ணீர் அந்தப் பட்டைக்குள் தேங்கும். தேங்கிய இடத்தில் துரு.

இதே தூம்புதான் பாக்ஸ்டரிலும் உண்டு. அதிலும் இலை அடைக்கிறது. ஆனால் அங்கே தண்ணீர் காருக்குள் இறங்கி, ஆசனத்துக்கு அடியில் வைத்திருக்கும் மின்சாரப் பெட்டியை நனைத்துவிடுகிறது. சாவியை அடையாளம் கண்டு எஞ்சினை ஓட விடும் பெட்டி அது. அது நனைந்தால் கார் தன் எஜமானரையே அடையாளம் தெரியாமல் விழிக்கும். புதுப் பெட்டி வாங்கிப் பொருத்துவதற்கு நல்ல தொகை ஆகும்.

மொட்டை மாடித் தூம்பில் மாவிலை அடைத்தால் என்ன ஆகும் என்பது ஐப்பசி மாதத்தில் நமக்கெல்லாம் தெரிந்த சங்கதி. ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போகிறவர் வீட்டைக் காப்பாற்றுகிறார். காரும் அப்படித்தான். மாதத்துக்கு ஒரு முறை ஐந்து நிமிஷம் இலையை எடுத்துவிட்டால் செலவு பூஜ்யம். பாக்ஸ்டரின் மூக்கில் உள்ள காற்றுத் துவாரங்களையும் இப்படியே பார்த்துக்கொள்ள வேண்டும். எஞ்சினைக் குளிர வைக்கும் ரேடியேட்டர்கள் அங்கேதான் இருக்கின்றன, உதிர்ந்த இலைகள் குவிவதும் அங்கேதான். வளர்க்கும் விலையில் ஒரு பங்கைப் பணமாகக் கொடுக்கிறோம். இன்னொரு பங்கைக் கவனமாகக் கொடுக்கிறோம். இரண்டாவதைக் கொடுக்காதவர்கள் முதலாவதை இரட்டிப்பாகக் கொடுக்கிறார்கள்.

பன்னிரண்டாயிரம் டாலர்

இப்பொழுது ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். அமெரிக்காவில் ஒரு நடுத்தர ஊர். மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். கணவர் பள்ளி ஆசிரியர். பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போய்விட்டார்கள். பாக்ஸ்டர் மேல் ஆசை யாருக்கு என்று நினைக்கிறீர்கள்? மனைவிக்குத்தான்! இருபது வருஷமாக, இரவு வேலை முடிந்து பஸ்ஸுக்குக் காத்திருக்கையில் அந்தக் கார் போவதைப் பார்த்து வந்திருக்கிறாள். பயம் கணவருக்கு. சிறுகச் சிறுகச் சேர்த்த 12,000 டாலர் கையில் இருக்கிறது. அதற்கு மேல் ஒரு காசு இல்லை.

9,000 டாலருக்கு மியாட்டா வாங்கினால் கையில் 3,000 மீதி. பட்டையும் அதோடு சேர்த்து மாற்ற வேண்டிய நீர்ப் பம்பும் 1,000க்குள் முடியும். நாலு டயருக்கு ஐந்நூறு, அறுநூறு. எப்படிப் பார்த்தாலும் ஆயிரத்துக்கு மேல் மிஞ்சும். ஒரு கெட்ட நாள் வந்தாலும் அதைக் கொண்டு தாங்கிவிடலாம்.

அதே 9,000 டாலருக்கு பாக்ஸ்டர் வாங்கினால்? மீதி அதே 3,000. கிளட்சும் பேரிங்கும் மாற்றினால் அது அன்றைக்கே காலி. டயர் தேய்ந்திருந்தால் கடன். மாற்றாமல் ஓட்டினால், ஒவ்வொரு புதுச் சத்தத்துக்கும் மனைவி கணவர் முகத்தைப் பார்ப்பாள். கணவர் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார். எந்தக் காரில் காற்று வாங்கிக்கொண்டு உல்லாசமாகப் போக வேண்டும் என்று ஆசைப்பட்டார்களோ, அந்தக் காரிலேயே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஆனந்தத்தை விலை கொடுத்து வாங்கப் போய் விசாரத்தை வாங்கி வந்த கதை!

"அப்படியானால் பாக்ஸ்டர் வேண்டவே வேண்டாம் என்கிறீர்களா?" என்று கேட்பீர்கள். இல்லை. அந்த அம்மாளின் ஆசையில் தப்பு ஒன்றும் இல்லை. மியாட்டாவின் நாலு சிலிண்டர் எஞ்சினுக்கு 140 குதிரைச் சக்தி. முதல் பாக்ஸ்டரின் ஆறு சிலிண்டர் எஞ்சினுக்கு 201. முதுகுக்குப் பின்னாலிருந்து வரும் அந்த எஞ்சினின் நாதத்துக்கே மயங்குகிறவர்கள் உண்டு. பொத்தானை அழுத்தினால் 12 விநாடியில் கூரை தானாக மடியும். எஞ்சின் நடுவில் இருப்பதால் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு சாமான் பெட்டிகள்; இரண்டு பேர் ஒரு வாரப் பிரயாணத்துக்குத் தாராளமாகப் புறப்படலாம். மியாட்டாவிலோ ஒரு பெட்டியும் ஒரு பையும் வைத்தால் நிறைந்தது. அது விளையாட்டுக் குட்டி. இது வளர்ந்த குதிரை. இரண்டும் ஒன்றுதான் என்று சொன்னால் பாக்ஸ்டருக்குச் செய்யும் அநியாயம்.

என் அபிப்பிராயம் இதுதான். காரின் விலை மட்டும் கையில் இருக்கிறவர்கள் மியாட்டா வாங்கட்டும். காரின் விலையும், அதில் பாதியும் தனியாக எடுத்து வைக்க முடிகிறவர்கள் பாக்ஸ்டர் வாங்கட்டும். அந்தப் பாதித் தொகையைக் காருக்கு என்றே ஒதுக்கிவிட வேண்டும். பிள்ளையின் கலியாணத்துக்கு வைத்த பணத்தையும் வைத்தியத்துக்கு வைத்த பணத்தையும் மனத்துக்குள் கூட்டிக் காட்டிக்கொள்ளக் கூடாது. நம் கற்பனை அம்மாள் இன்னும் ஒன்றிரண்டு வருஷம் பொறுத்து நாலாயிரம், ஐயாயிரம் டாலர் சேர்த்துக்கொண்டால், தாராளமாகத் தன் பாக்ஸ்டரில் ஏறிப் போகலாம். பொறுக்க முடியாது என்றால் இன்றைக்கே மியாட்டாவில் போகலாம். அதிலும் காற்று அதே காற்றுத்தான்.

பெண் பார்க்கும் படலம்

எதை வாங்கினாலும் சில விதிகள் பொது.

முதலாவது, ரசீதுக் கட்டைக் கேளுங்கள். எப்போது எண்ணெய் மாற்றினார்கள், எப்போது பட்டை மாற்றினார்கள், பேரிங் மாற்றியாயிற்றா என்பதற்கெல்லாம் விற்கிறவரின் வாய்ச்சொல் போதாது, காகிதம் வேண்டும். 3,000 டாலர் வேலை செய்து ரசீதும் வைத்திருப்பவர் காருக்கு 2,000 டாலர் அதிகம் கேட்டால் அதுதான் மலிவான கார். பாக்ஸ்டர் விஷயத்தில் சந்தையிலேயே குறைந்த விலைக்கு வரும் காரைப் போல் அதிகச் செலவு வைக்கும் கார் கிடையாது.

இரண்டாவது, விற்கிறவருக்கு வேண்டாத, நமக்கு வேண்டிய ஒரு மெக்கானிக்கிடம் காரைக் காட்ட வேண்டும். அவர் காரைத் தூக்கி அடியில் பார்ப்பார். பாக்ஸ்டராயிருந்தால் எண்ணெய் வடிகட்டியைப் பிரித்து, அதில் உலோகத் துணுக்குகள் மின்னுகின்றனவா என்று பார்ப்பார். அரிசியில் கல் பார்ப்பது போன்ற வேலைதான். ஆனால் இந்தக் கல் ஒன்றே ஒன்று அகப்பட்டாலும் காரைத் தொடக் கூடாது. இந்தப் பரீட்சைக்கு விற்கிறவர் சம்மதிக்காவிட்டால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

மூன்றாவது, மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள். ஆசனத்துக்குக் கீழே கம்பளத்தை உள்ளங்கையால் அழுத்தினால் ஈரம் தெரியும். அந்தக் கைக்கு எந்த மெக்கானிக்கும் கூலி கேட்க மாட்டார்.

கடைசியாக ஒன்று. நமக்கும் பாக்ஸ்டருக்கும் ரொம்ப தூரம் என்று இந்தப் பக்கத்தை மூடிவிடாதீர்கள். பழைய குளிர்சாதனப் பெட்டி, மலிவாக வரும் தோட்டத்தோடு கூடிய வீடு, தவணையில் வரும் பெரிய கார், சொந்தக்காரர் சும்மா கொடுக்கும் ஜாதி நாய் - எல்லாவற்றுக்கும் இந்த இரண்டு விலைகள் உண்டு. வாங்க முடிவு செய்வதற்கு முன்னால் கணவனும் மனைவியும் ஆளுக்கு ஒரு காகிதம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கொருவர் காட்டாமல், "இது கெட்டுப் போகும் நாளில் எத்தனை செலவாகும்? அந்தப் பணம் எங்கேயிருந்து வரும்?" என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் எழுதுங்கள். பிறகு காகிதங்களை மாற்றிக்கொண்டு படித்துப் பாருங்கள். இரண்டு பதில்களும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் தைரியமாக வாங்குங்கள். இரண்டாவது கேள்விக்கு எதிரே இருவரில் ஒருவர் ஒன்றுமே எழுதாமல் விட்டிருந்தால், கடைக்குப் போவதை அடுத்த மாதத்துக்கு ஒத்திப் போடுங்கள்.